மலைநாட்டுக் காற்றுலைகள்

கண்டியரசர் காலத்திற் கொல்லர், தட்டார், தச்சர் முதலாய கம்மியர் ‘கோட்டல் பத்த’ என்னும் அரச பகுதியில் அடங்கியிருந்தனர். அவர்தம் தொழில்களை விரிவாக ஆராய்ந்து நூலாக்கியவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த அவர், பலாங்கொடையை அடுத்த ஹத்தரபாகையில் இரும்புருக்கும் முறையைக் குறித்து வைத்தார். அவர் விவரித்தது சிறியதோர் உலை; தோற்றுருத்தியைக் காலால் மிதித்துக் காற்றூட்டுவது. ஆதலின் மலைநாட்டுக் கொல்லர் என்றுமே துருத்தியை நம்பியிருந்தனர் எனக் கருதுதல் இயல்பு. அக்கருத்துப் பிழையாயிற்று.

கண்டியரசுக்கு உட்பட்டிருந்த சபரகமுவையின் தென்சரிவிற் சமனலவெவ நீர்த்தேக்கம் அமையவிருந்தபோது, கிலியன் யூலெவ் என்னும் தொல்லியலாளர் அந்நிலத்தைத் துருவி ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய குன்றுச்சரிவுகளில் 77 உலைக்களங்கள் காணப்பட்டன. அவற்றின் காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. துருத்தி அங்கு இல்லை. தென்மேல் பருவக்காற்றே ஊதியது.

காற்று நேரே குழாய்களுட் புகுந்து தீயை வளர்த்தது என்று எண்ணுதல் எளிது. உண்மை அதனினும் நுட்பமானது. சரிவேறி வரும் காற்று, உலையின் நெடிய முன்சுவரின் மேல்விளிம்பைக் கடக்கும்போது சுவரைவிட்டுப் பிரிகிறது. பிரிந்தவிடத்தில் அமுக்கம் குறைகிறது. சுவருக்கு வெளியே அமுக்கம் மிகுதியாதலின், அடியிலுள்ள மண்குழாய்களின் வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது.

இப்பிரிவையே வானூர்தி வல்லார் அஞ்சுவர். இறகின் சாய்வு மிகுந்தால், மேற்பரப்பை ஒட்டியோடும் மெல்லிய காற்றுப்படை வேகமிழந்து பிரியும். இறகின் தாங்குவலி திடீரெனக் குன்றும். இப்படையின் இயல்பைப் பிராண்டில் 1904இல், குமாரசுவாமி மலைநாட்டில் ஆய்வு நடத்திய அதே காலத்தில், வெளியிட்டார். அப்படை கொந்தளிப்புற்றதாயின் வெளியிலுள்ள விரைந்த காற்றோடு கலந்து வலுப்பெற்று, நெடுந்தூரம் ஒட்டியே செல்லும், பிரிவு தாமதிக்கும். 1914இல் அவர் ஓர் உருண்டையின்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றி இதனை மெய்ப்பித்தார்.

வளைந்த இறகிற் பிரியுமிடம் காற்றின் தன்மைக்கேற்ப முன்பின்னாக நகரும். சுவர்விளிம்போ கூரியது; காற்று அமைதியாக வரினும் குமுறி வரினும் அங்கேயே பிரியும். குன்றுகளில் வீசும் ஒழுங்கற்ற காற்றுக்கு இதனினும் ஏற்ற அமைப்பில்லை. இதற்காகக் கொல்லர் பாய்மவியல் கற்றிருந்தனர் எனல் மிகை. பல தலைமுறை உலையருகே நின்று கண்ட அறிவு அது.

காற்றுலையால் நல்லுருக்கு ஆகாதென்ற ஐயமும் எழுந்ததுண்டு. 1994இற் பழைய வடிவில் உலை கட்டி, பருவக்காற்றிலேயே உருக்கிப் பார்த்தனர். கரிமம் மிகுந்த உருக்குக் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அம்முடிபை வெளியிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டு அறபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதுகையிற் சரந்தீப உருக்கையும் எண்ணுகிறார். உலைகள் எரிந்த காலமும் அதுவே. ஓரூரின் கலப்பைக்கும் கத்திக்கும் இத்தனை உலைகள் வேண்டியதில்லை. ஹத்தரபாகையின் சிற்றுலைக்கு அவ்வளவே வேலை.