கந்தை யாருடையது? போடிமெட்டின் இரு சரிவுகளும் ஒட்டுத்துணியின் வரலாறும்

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் அதில் ஏறத் தொடங்கிவிடும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் கேரளப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். இவர்களில் கணிசமானவர்கள் தலித் பெண்கள்.

இவர்களுடைய கூலியைப் பற்றியும் ஜீப் விபத்துகளைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். உடுத்தும் துணியைப் பற்றிப் பேசியதில்லை. உடுத்திக் கிழிந்த பிறகு அந்தத் துணி என்ன ஆகிறது என்று கேட்டதுமில்லை. கிழிந்த சேலை குழந்தைக்குத் தூளியாகும். தூளியும் நைந்தால் நாலாக மடித்து, மேலே வேறு துணிகளை ஒட்டி, ஓட்டுத்தையல் போட்டு விரிப்பாகவோ போர்வையாகவோ ஆக்குவார்கள். அதற்கும் பிறகு அது கரித்துணி. இதை ஏழ்மையின் அடையாளமாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். ஆனால் யார் எந்தத் துணியை எப்படி உடுத்தலாம், எந்த நிறத்தைத் தொடலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில் கந்தைக்கும் வரலாறு உண்டு. அதை நாமே எழுத வேண்டும்.

மெட்டுக்கு இருபுறமும்

போடிமெட்டு இன்று இரண்டு மாநிலங்களின் எல்லை. அன்று மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம், கீழே பிரிட்டிஷாரின் மதுரை ஜில்லா. ஆட்சி வேறு, சட்டம் வேறு, பணம்கூட வேறு. ஒன்றில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. உழைப்பவர் உடம்பில் துணி எவ்வளவு இருக்கலாம் என்பதை அடுத்தவர் முடிவு செய்தார்கள்.

திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காகச் சாணார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859-ல் வந்த அரச அறிவிப்பு அந்த உரிமையைக் கொடுத்தது. கொடுக்கும்போதே ஒரு கண்ணியும் வைத்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக் கூடாது. மறைத்துக்கொள், ஆனால் எங்களைப்போல் தெரியாதே என்பதுதான் அதன் பொருள். புலையர் பெண்கள் கல்மாலை தவிர வேறு நகை அணியக் கூடாது என்ற வழக்கத்தை உடைக்க 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்தில் கூடிய பெண்கள் அந்த மாலைகளை அறுத்து எறிந்தார்கள்.

கீழ்ப்பக்கத்துக் கதை இதைவிடக் கொடியது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது, பூச்சூடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931-ல் தடைகள் பதினொன்றாகின. ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது.

அந்தப் பதினொன்றில் ஒன்றை நாம் மறக்கவே கூடாது. நம் பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். பானைக்கு அடியில் வைக்கும் சும்மாடும் வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியில் இருக்கக் கூடாது. உடுத்தும் துணிக்குத் தடை போட்டவர்கள், தலையில் சுருட்டி வைக்கும் கிழிந்த துணியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு முழக் கந்தையில் அவர்களுக்கு என்ன பயம்? வைக்கோல் குத்தாமல் ஒரு பெண் தண்ணீர் சுமப்பது அவர்கள் கண்ணுக்குச் சமத்துவமாகத் தெரிந்திருக்கிறது.

மனு கொடுத்த துணி, புத்தர் எடுத்த துணி

இந்தத் தடைகளுக்கு வேர் பழையது. சண்டாளர்கள் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும் என்கிறது மனுவின் பத்தாம் அத்தியாயம். அதே அத்தியாயம், சூத்திரருக்கு எச்சில் சோற்றோடு பழந்துணியையும் கொடுக்கச் சொல்கிறது. கந்தை ஏழ்மையால் மட்டும் வந்ததல்ல, அது விதிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே கந்தையைப் புத்தர் வேறு விதமாகக் கையில் எடுத்தார். பிக்குகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணிகளைப் பொறுக்கி, துவைத்து, துண்டுகளாக்கித் தைத்துச் சீவரமாக உடுத்தினார்கள். மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடப்பதைக் காட்டி, அந்த அமைப்பில் சீவரம் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாகவும், ஆனந்தர் அப்படியே தைத்துக் காட்டியதாகவும் விநயபிடகம் சொல்கிறது. சாயத்துக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது: வேர், மரம், பட்டை, இலை, பூ, காய். பல வீட்டுத் துணிகள், பல நிறத் துண்டுகள் ஒரே சாயத்தில் முங்கி எழுந்தன. அதை உடுத்தியவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அரசன் மகனும் நாவிதர் உபாலியும் உடுத்தியது அதே ஒட்டுத்துணிதான்.

மனு பிணத்துணியைத் தண்டனையாக்கினார். புத்தர் அதையே மரியாதையாக்கினார். 1898-ல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பிய பண்டிதர் அயோத்திதாசர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்று வாதாடினார். அவருடைய வரலாற்று முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நம்மீது சுமத்தப்பட்ட இழிவின் அடையாளத்தையே திருப்பிப் படிக்கும் வழியை அவர் நமக்குக் காட்டினார்.

கசக்க ஏது தண்ணீர்?

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல பேச்சுதான். கசக்கத் தண்ணீர்? ஊர்க் கிணறு கிடையாது, குளத்தில் இறங்க முடியாது, ஊர் வண்ணார் நம் துணியைத் தொட மாட்டார். நம் துணியை வெளுக்க நமக்கும் கீழே புதிரை வண்ணார் என்று ஒரு சாதியை வைத்து, அவர்களைக் கண்ணில் படவே கூடாது என்று ஒதுக்கினார்கள். பிறகு அழுக்குத் துணி என்று நம்மையே ஏசினார்கள்.

1927 மார்ச்சில் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததை எல்லோரும் அறிவோம். அதே ஆண்டு டிசம்பரில் மகாதில் மனுநூலை எரித்த மாநாட்டில் அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டாதீர்கள், உடையில் எத்தனை ஒட்டு இருந்தாலும் கவலையில்லை, சுத்தமாக இருக்கட்டும், எதை உடுத்துவது என்பதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பழமொழி சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானே என்று தோன்றலாம். பழமொழி தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அண்ணல் முதலில் தண்ணீருக்குப் போராடிவிட்டு அப்புறம்தான் சுத்தத்தைப் பற்றிப் பேசினார்.

கங்காணி கொடுத்த கம்பளி

இந்தத் தடைகளிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பித்தான் நம் முன்னோர் பலர் மலையேறினார்கள். ஊரில் முன்பணம் கொடுத்து, பனிக்கு ஒரு கம்பளியும் கொடுத்து அழைத்துப் போனார் கங்காணி. இரண்டும் கடன் கணக்கில் ஏறின. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதையும் இதுதான்.

ஒற்றைக் கம்பளி ஒரு குடும்பத்துக்குப் போதாது. சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடக்கித் தலையில் மாட்டினால் மழைக்குக் கொங்காணி. இரவுக்குச் சாக்கின்மேல் பழஞ்சேலை வைத்துத் தைத்த போர்வை. மலைக் குளிர்தான் ஒட்டுத்துணியைக் கனமாக்கியது.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் குடை, போர்வை, மழைக்கோட்டு கொடுக்க முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசுகள் செய்யலாம் என்றது. பின்னால் வந்த திருத்தத்தில் ஏலமும் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தோட்டமாக இருந்தது. சிறு தோட்டங்களுக்கு மெட்டைத் தாண்டித் தினக்கூலியாகப் போனவர் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றார். குடை கூடாது என்றது 1930-ன் தடை. குடை தரவேண்டிய பொறுப்பு எனக்கில்லை என்றது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. நனைவது அதே உடம்புதான்.

நிறம் தேர்ந்த கை

ஒட்டுப் போடுவதைக் கையில் கிடைத்ததைத் தைப்பது என்று நினைப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் துணிகளைப் பிரிப்பார்கள். பருத்தி ஒரு பக்கம், நைலக்ஸும் பாலியெஸ்டரும் ஒரு பக்கம். இரண்டையும் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, தையல் இழுத்துக்கொள்ளும். நைந்த துணி நடு அடுக்குக்கு. உரமான துணி மேலுக்கும் ஓரத்துக்கும். சேலைக் கரை எப்போதும் கெட்டியாக நெய்யப்பட்டிருக்கும் என்பதால் அது வீணாகாது, சுற்றிலும் பட்டியாக வரும்.

பிறகு நிறம். வேலைக்கு உடுத்துவது அழுக்குத் தெரியாத நிறம்: அரக்கு, கருநீலம், கரும்பச்சை. நல்ல நாளுக்கு வாங்கிய ஒன்றிரண்டு சேலைதான் வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். ஆக, துணிமூட்டையில் அடர்நிறம் நிறைய இருக்கும், வெளிர்நிறம் குறைவு. குறைவாக இருப்பதைச் சிறுசிறு துண்டாக வெட்டி அடர்நிறங்களுக்கு நடுவே தூரதூரமாக வைத்தால் மொத்தப் போர்வையும் எடுப்பாகிவிடும். ஒரே இடத்தில் வைத்தால் அது கறைபோலத் தெரியும். வெளுத்த நீலத்துக்குப் பக்கத்தில் வெளுத்த பச்சை வந்தால் இரண்டும் செத்துப்போகும். நடுவில் ஒரு அரக்குப் பட்டி கொடுத்தால் இரண்டும் பிழைக்கும். உடலும் கரையும் எதிரெதிர் நிறமாக நெய்த சேலைகளைப் பார்த்துப் பழகிய கண் இது. ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டி, சுப்புலாபுரம் தறிகளிலும் சின்னாளப்பட்டியிலும் வாங்கிய சேலைகளே பாடப்புத்தகம்.

துணிமேல் துணி வைத்துத் தைக்கும் இதே தொழிலைத் தஞ்சாவூரில் தேருக்குத் தொம்பையும் சீலையும் செய்யும்போது கலை என்கிறார்கள். கலைதான், சந்தேகமில்லை. சேரித் திண்ணையில் அதே ஊசி ஓடும்போது ஏன் அது கந்தல் ஆகிறது? தேர் எந்தத் தெருவுக்கு வரும், வடத்தை யார் தொடலாம் என்பதற்கு உள்ள விடைதான் இதற்கும் விடை.

கவந்தியும் கீஸ் பெண்டும்

வடகர்நாடகத்தின் ஹளியாள், எல்லாப்பூர் பகுதிகளில் வாழும் சித்தி மக்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழியினர். அவர்களுடைய பெண்கள் பழந்துணியில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். போர்வைக்கே மானம் பார்த்தவர்கள் அவர்கள்.

அமெரிக்காவின் அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் கீஸ் பெண்ட் ஊரில் முன்னாள் அடிமைகளின் பேத்திகள் வேலைத் துணிகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 1942-ல் கணவரை இழந்த மிசூரி பெட்வே, அவர் வயலுக்கு உடுத்திய சட்டைகளையும் கால்சட்டைகளையும் பிரித்து, அவர் நினைவைப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை செய்தார். இறந்தவரின் துணிதான் இதுவும். மனு இழிவு என்று எறிந்த இடத்தில் ஒரு பெண் அன்பைத் தைத்திருக்கிறார்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த கறுப்பின மக்கள் அந்தப் பகுதியில் வீடும் வேலையும் இழந்தார்கள். வாக்குரிமைப் போராட்டத்தின் சூட்டில், 1966-ல் பெண்கள் போர்வை தைக்கும் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். 2002-ல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-ல் தபால்தலையாகின. அதே 2006-ல்தான், 1962-ல் நிறுத்தப்பட்ட படகுப் போக்குவரத்து அந்த ஊருக்குத் திரும்பியது. போர்வைக்குக் கிடைத்த மரியாதை, தைத்தவர்களுக்குக் கிடைக்க எவ்வளவு தாமதம் என்பதையும் கவனியுங்கள்.

நிறத்துக்கும் சாதி உண்டா?

நம் தென்மாவட்டங்களில் இன்று இந்தக் கேள்விக்கு விடை உண்டு என்பதுதான் வெட்கக்கேடு. எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மணிக்கட்டில் கயிறு, சைக்கிளில் பட்டை, மின்கம்பத்தில் வர்ணம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, நிறக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. பரிந்துரை வந்ததும் கூச்சலும் வந்தது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்றவர்களின் வாரிசுகள், இப்போது நிறங்களுக்கே பட்டா கேட்கிறார்கள்.

நிறம் எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. மஞ்சளுக்குப் பக்கத்தில் எது வரலாம் என்பதை எந்தச் சங்கத்தையும் கேட்காமல் முடிவு செய்த பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் தைத்த போர்வையில் எல்லா நிறமும் எல்லா நிறத்தோடும் படுத்துக் கிடக்கிறது.

தோழர்களே, மலிவு விலைப் போர்வை கடைகளில் குவிந்த பிறகு இந்தக் கைவேலை குறைந்துவிட்டது. பல வீடுகளில் கடைசிப் போர்வைதான் மிஞ்சியிருக்கும். அதை எரிக்கும் முன் ஒரு படம் எடுங்கள். எந்தத் துண்டு யாருடைய சேலை, எந்த வேலைக்கு உடுத்தியது என்று கேட்டு எழுதி வையுங்கள். கல்வெட்டில் நமக்கு இடம் கொடுக்கவில்லை. ஊசியால் எழுதியதையாவது தொலைக்காமல் இருப்போம். மெட்டு ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும், தோட்டம் சிறியதோ பெரியதோ, மழைக்கோட்டும் போர்வையும் சட்டப்படியான உரிமை என்று கேட்போம். ஒட்டுப் போடுவது நம் கலையாக இருக்கட்டும், நம் தலைவிதியாக இருக்க வேண்டாம்.

ஜெய்பீம்.