போர்முரசு பிள்ளைகள் கைக்கு வந்த கதை

போர்க்களத்திற்கென்றே பிறந்த கருவிகளுள் சில, போர்க்களம் தம்மைக் கைவிட்ட பின்னரே நல்வாழ்வு கண்டன. முரசும், பியூகிள் என்னும் ஊதுகொம்பும் அத்தகையவை. அமெரிக்காவில் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டிவிட்ட முதியவர்கள் சிலரிடம் இளமைக் காலத்தைப் பற்றி வினவினால், படித்த பள்ளியின் பெயருக்கு முன்னே, தாம் அணிவகுத்துச் சென்ற முரசு-பியூகிள் அணியின் பெயர்தான் வந்து விழும். எந்த ஆண்டு, எந்த ஊர்ப் போட்டி, எத்தனை புள்ளியில் வெற்றியைத் தவறவிட்டோம் என்பதையெல்லாம் நேற்று நிகழ்ந்ததுபோல் சொல்வார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் மங்காத இந்தப் பாசத்திற்குக் காரணம் என்ன? அதைத் தேடப் புகுந்தால், நாம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அவ்விடம் இஸ்தான்பூல். உதுமானியப் பேரரசின் படைகளுடன் ‘மெஹ்தர்’ எனப்பட்ட இசைக்குழு செல்வது வழக்கம். தவுல் என்னும் பெருமுரசு, இணைமுரசாகிய நகரா, சுர்னா, நபீர் என்னும் நெடுங்குழல், ‘ஜில்’ எனப்பட்ட வெண்கலத் தாளம் ஆகியவை அதில் முழங்கின. நம் தர்காக்களில் ஒலிக்கும் நகராவின் பெயரும் அரபு மொழியின் ‘நக்காரா’விலிருந்து வந்ததே. எந்த ஓசையைக் கேட்டு ஐரோப்பா ஒரு காலத்தில் நடுங்கியதோ, அதே ஓசையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் அரசர்கள் ‘துருக்கிய இசை’ என்று பெயரிட்டுத் தம் படைகளுக்கு விரும்பி அழைத்துக்கொண்டார்கள். பெருமுரசும் தாளமும் மேற்கத்தியப் படை இசையில் இடம்பெற்றது இப்படித்தான். 1826ஆம் ஆண்டில் சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிஸாரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் மறைந்தது. ஆனால், கருவிகள் அதற்குள் கடல் கடந்து குடியேறிவிட்டன. 1623இல் இஸ்தான்பூலில் ஓர் ஆர்மீனியர் தொடங்கிய தாளப் பட்டறையின் வழித்தோன்றல்கள் 1929இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொழிற்சாலை கண்டனர். தாளம் செய்பவர் எனப் பொருள்படும் துருக்கிச் சொல்லைத் தாங்கிய ‘ஜில்ஜியன்’ என்னும் அந்தக் குடும்பப் பெயரை இன்றும் அமெரிக்க இளைஞர்கள் மோதும் தாளங்களின்மேல் காணலாம்.

பியூகிளின் பிறப்பு வேறு. இளங்காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. ஆதியில் அது மாட்டுக்கொம்புதான். நம் ஊர்க் ‘கொம்பு’ம் அவ்வாறுதானே பெயர் பெற்றது! பின்னர்ப் பித்தளையாக மாறியபோதும் அதற்குத் துளைகள் இல்லை, விசைகள் இல்லை. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் விசையாலும் எழுகின்ற ஒரு சில சுரங்களே அதன் செல்வம். அந்தச் சில சுரங்களே ஒரு படையை எழுப்பும், உண்ண அழைக்கும், முன்னேறச் சொல்லும், பின்வாங்கவும் சொல்லும். உள்நாட்டுப் போரின்போது, 1862இல், வர்ஜினியாவில் பாசறை அமைத்திருந்த தளபதி டேனியல் பட்டர்ஃபீல்டு, இரவில் விளக்கணைக்கும் நேரத்தை அறிவிக்கும் அழைப்பைத் திருத்தி அமைத்தார். ‘டாப்ஸ்’ என்று பெயர் பெற்ற அதில் இருபத்து நான்கே ஒலிகள். அவையும் நான்கே சுரங்களில் அடங்குபவை. உறங்கச் சொன்ன அந்த அழைப்பே பின்னர், போர்வீரர்களை மண்ணில் அடக்கும் வேளையிலும் ஊதப்படலாயிற்று.

முதல் உலகப் போர் வந்தது. தொலைபேசியும் கம்பியில்லாத் தந்தியும் படைகளுக்குச் செய்தி சொல்லத் தொடங்கின. பீரங்கி முழக்கத்தில் பியூகிளின் குரல் யாருக்குக் கேட்கும்? போர் ஓய்ந்தபோது அதற்கும் முரசுக்கும் வேலையில்லாமல் போயிற்று. இராணுவம் கழித்துவிட்டவை மலிவாகக் கிடைத்தன. 1919இல் தோன்றிய அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் வீரர் சங்கத்தின் கிளைகள் அவற்றை வாங்கி அணிகள் அமைத்தன. முதலில் வாசித்தவர்கள் போரிலிருந்து திரும்பிய தந்தையர். பிறகு அவர்களுடைய பிள்ளைகள். ஊர்த் தேவாலயங்களும் சாரணர் படைகளும் இளைஞர் அணிகளைத் தொடங்கின. நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு நகரத்துத் தேவாலயம் ஒன்றின் அணி 1934இல் பிறந்தது. விஸ்கான்சினில் ‘மேடிசன் ஸ்கவுட்ஸ்’ 1938இலும், சிகாகோவில் சாரணர் குழு ஒன்றிலிருந்து ‘கவலியர்ஸ்’ 1948இலும் தோன்றின. ஊதுவோர், முழக்குவோர், கொடி ஏந்துவோர் என மூன்றே பிரிவு. புல்லாங்குழலுக்கோ கிளாரினெட்டுக்கோ இடமில்லை. வயது இருபத்தொன்றைத் தாண்டினால் விடைபெற வேண்டும்.

இந்த அணிகளில் சேர்ந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். இத்தாலி, அயர்லாந்து, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோரின் மக்கள். பியானோ கற்பிக்க வீட்டில் வசதி இல்லை. அணியில் சேர்ந்தாலோ கருவியை அணியே தந்தது. சீருடையையும் அணியே தந்தது. இசைக் குறியீடு படிக்கத் தெரியாதவன்கூடச் செவிவழியாகக் கற்றுக்கொண்டான். பகலில் வேறு தொழில் செய்தவர்கள் மாலையில் ஆசான்களானார்கள். தேவாலயக் கூடத்திலும் வண்டிகள் நிறுத்தும் திடலிலும் பயிற்சி நடந்தது. தாய்மார்கள் சீருடை தைத்தார்கள். தந்தையர் வண்டி ஓட்டினார்கள். கோடைக்காலத்தில் பழைய பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, ஏதேனும் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்து வெறுந்தரையில் படுத்துறங்கி, மறுநாள் வெயிலில் மீண்டும் அடி எடுத்து வைப்பார்கள். தொப்பி இறகையும் காலணி வெண்மையையும் பார்த்துப் புள்ளி குறைக்கும் ஆய்வும் உண்டு. ஆகவே, காலணிக்கு மெருகேற்றுவதும் இசைப் பயிற்சியின் ஒரு பகுதிதான்!

போட்டியில் நடுவர்கள் மைதானத்திற்குள்ளேயே இறங்கிவிடுவார்கள். கையில் அட்டையும் எழுதுகோலும். ஒருவன் கால் தவறினால் ஒரு கீறல்; ஒரு கோல் பிந்தி விழுந்தால் ஒரு கீறல். ஒவ்வொரு கீறலுக்கும் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பிழை ஒருவனுடையது, இழப்பு அனைவருக்கும். அந்த அச்சத்தை முதியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள்.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. அக்காலப் பியூகிளில் ஒரே ஒரு விசை மட்டும் பொருத்த விதிகள் இடமளித்தன. ஒரு முழுப் பாடலை வாசிக்கத் தேவையான சுரங்கள் அதில் இல்லை. ஆகவே, சிலருடைய கருவியின் குழாயைச் சற்று நீட்டி அரைச்சுரம் தாழ்த்தி வைப்பார்கள். ஒருவனிடம் இல்லாத சுரத்தை அடுத்தவன் ஊதி நிரப்புவான். எவன் கையிலும் முழுப் பாட்டு இல்லை. எல்லோரும் சேர்ந்தால்தான் பாட்டு. தனக்குரிய ஒரு சுரத்திற்காக மூச்சைப் பிடித்துக் காத்து நின்ற சிறுவன், கிழவனான பிறகும் அந்த அணியை மறப்பானா?

எல்லாம் தேனாக இருந்ததென்று சொல்லிவிட முடியாது. கட்டுப்பாடு கடுமையானது. புகழ்பெற்ற அணிகள் சிலவற்றின் கதவு பெண்பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. அவர்கள் தமக்கென்று தனி அணிகளை அமைத்துக்கொண்டார்கள். மேடிசன் அணி பெண்களைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது 2019இல்தான்.

போட்டி விதிகளையும் பரிசுப் பணத்தையும் முன்னாள் வீரர் சங்கங்களே தீர்மானித்து வந்தது அணித் தலைவர்களுக்குக் கசந்தது. 1971இல் அவர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டார்கள். 1972 ஆகஸ்டில் விஸ்கான்சினின் வைட்வாட்டர் நகரில் நடந்த முதல் போட்டியில், கலிபோர்னியாவிலிருந்து வந்த ‘அனஹைம் கிங்ஸ்மென்’ அணி வாகை சூடியது. அதன்பின் கலை வளர்ந்தது, ஐயமில்லை. 1977இல் இரண்டாம் விசை, 1990இல் மூன்றாம் விசை, 2000இல் எந்தச் சுருதியிலும் ஊதும் உரிமை என்று பியூகிள் தன் ஏழ்மையை ஒவ்வொன்றாகக் களைந்தது. 1983க்குப் பின் கீறல் முறையும் ஒழிந்தது. மாசசூசெட்ஸின் ரிவியர் நகரத்து அணி 1980ஆம் ஆண்டு லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தது.

ஆனால், நாடு முழுவதும் சுற்றிவரப் பணம் வேண்டுமே! 1973இல் எண்ணெய் விலை ஏறியது. தேவாலயத்து நிதியும் தாய்மாரின் தையலும் தாங்கக்கூடிய செலவாக அது இல்லை. நூற்றுக்கணக்கில் இருந்த சிற்றூர் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. ஒலிம்பிக்கில் முழங்கிய அந்த ரிவியர் அணியே 1986இல் மறைந்தது. 1934இல் கார்ஃபீல்டில் பிறந்த அணி, பல பட்டங்களை வென்றும், 2024இல் கதவடைத்தது. எஞ்சியுள்ள பேரணிகளில் சேர இன்று தேர்வில் வெல்ல வேண்டும்; ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலரும் கட்ட வேண்டும். அவர்களுடைய இசை முன்னோர் கனவிலும் கேட்டிராத அழகுடையது. எனினும், ஆலைத் தொழிலாளியின் மகன் மாலையில் நடந்தே போய்ச் சேர்ந்துகொண்ட அணி அவனுடைய தெருவில் இப்போது இல்லை. இசை பெற்றதைவிட அந்தத் தெரு இழந்ததே பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய அணிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை மிஞ்சியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலும் பின்வந்த போர்களிலும் பங்கேற்ற வீரர்கள் முதுமையில் மறைந்துவர, அவர்களுடைய நல்லடக்கத்தில் ‘டாப்ஸ்’ ஊத இராணுவத்தில் ஆள் போதவில்லை. 2003ஆம் ஆண்டளவில், பியூகிளுக்குள் ஒலிப்பதிவுக் கருவியைச் செருகி, ஊதுவதுபோல் உதட்டில் வைத்து நிற்கும் ஏற்பாட்டை அரசே ஏற்றுக்கொண்டது. அதைப் பொறுக்காமல் தாமே முன்வந்து ஊதும் தொண்டர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். இளமையில் அணிவகுத்தவர்களும் அவர்களுள் உண்டு. முன்பின் அறியாத ஒருவரின் மண்ணறையருகே, நரைத்த தலையோடு நிமிர்ந்து நின்று, பன்னிரண்டு வயதில் பழகிய அதே உதட்டு இறுக்கத்தோடு அந்த இருபத்து நான்கு ஒலிகளையும் ஊதிவிட்டு வீடு திரும்புகிறார்கள்.