ஓலையும் மனுவும்: திருவெண்ணெய்நல்லூர் வழக்கு முதல் தகவல் உரிமைச் சட்டம் வரை அலுவலகமும் குடிமக்களும்

ஆய்வுச் சுருக்கம்

உள்ளூர் அரசு அலுவலகங்களில் பொதுமக்கள் எதிர்கொள்ளும் அலைக்கழிப்பு, பெரும்பாலும் தனிப்பட்ட ஊழியரின் குணக்குறையாகவே பேசப்படுகிறது. ஆவணம் யாரிடம் இருக்கிறது, முறையீட்டை விசாரிப்பவர் யார், முடிவுக்குக் காரணம் கூறும் கடமை உண்டா என்னும் மூன்று வினாக்களின் வழி அச்சிக்கலை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையின் வழக்கு, 1854-55ஆம் ஆண்டுகளின் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு, விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள் ஆகியன இதற்குச் சான்றுகளாகின்றன.

திறவுச் சொற்கள்: திருவெண்ணெய்நல்லூர், ஆவணம், தாலுகா கச்சேரி, மனு, சித்திரவதை விசாரணைக் குழு, தகவல் உரிமை.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்றான திருவெண்ணெய்நல்லூர், சடையப்ப வள்ளலாலும் மெய்கண்டாராலும் இலக்கிய, சமய வரலாற்றில் இடம்பெற்ற ஊர். தமிழ் இலக்கியம் விரிவாகப் பதிவுசெய்துள்ள ஆவண வழக்கு ஒன்று நிகழ்ந்த களமும் இவ்வூரே. பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் மக்கள் இன்று காத்திருக்கும் ஓர் ஊரில் அத்தகைய இலக்கிய நினைவு நிலைபெற்றிருப்பது, அலுவலக நடைமுறையின் வரலாற்றை ஆராய்வதற்குப் பொருத்தமான தொடக்கமாகும்.

அவையும் ஓலையும்

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம், சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் ஒருவர் அவரைத் தம் வழியடிமை என உரிமை கோரிய நிகழ்ச்சியைக் கூறுகிறது. சுந்தரர் அவரிடமிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிக்கப்பட்டது படி ஓலையே என்று கூறி, முதியவர் மூல ஓலையை அவையில் அளிக்கிறார். கரணத்தான் அதனைப் படிக்கிறான். சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து, காப்பில் இருந்த வேறோர் ஓலையுடன் ஒப்பிடப்படுகிறது. அதன் பின்னரே தீர்ப்பு வழங்கப்படுகிறது.

இது சமயக் காப்பியம். எனவே நிகழ்ச்சியை வரலாற்று உண்மையாகக் கொள்ள இயலாது. ஆயினும், ஆவணம் எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும் என்று சோழர் காலப் புலவர் கருதினார் என்பதற்கு இது சான்றாகிறது. அவர் காட்டும் முறையில் மூன்று கூறுகள் உள்ளன. மூல ஆவணம் இரு தரப்பினர் முன்னிலையிலும் திறக்கப்படுகிறது. ஒப்பீடு அனைவரும் காண நடக்கிறது. தீர்ப்பின் காரணம் சொல்லப்படுகிறது. வென்ற முதியவரிடமும் அவ்வூரில் அவருடைய இருப்பிடத்தைக் காட்டுமாறு அவை கேட்கிறது.

இதனை இலட்சிய நிலையாகக் கொள்வதும் பிழையாகும். வழக்கின் பொருளே ஒரு மனிதனை அடிமையாக்கும் ஓலை. அவையில் அமர்ந்தோர் அந்தணர். உழுகுடிகளுக்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் அங்கே இடமில்லை. முறை செம்மையாக இருந்தாலும், அம்முறையை அணுகும் வாய்ப்பு அனைவர்க்கும் இருந்ததில்லை.

தாலுகா கச்சேரியும் 1,959 முறையீடுகளும்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் திருவெண்ணெய்நல்லூர் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பயிரிடுவோரும் அரசுடன் நேரடியாகக் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. ஊரளவில் மணியக்காரரும் கர்ணமும் அரசின் முகமாக இருந்தனர். அவர்களுக்கு மேலே தாசில்தார் இருந்தார். 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி தாசில்தாருக்குக் காவல் அதிகாரத்தையும் அளித்தது. வரி கேட்பவரும், கணக்கை வைத்திருப்பவரும், தண்டிக்கக் கூடியவரும் ஒரே கச்சேரியில் அமர்ந்தனர்.

இதன் விளைவு 1854இல் வெளிப்பட்டது. காசுலு இலட்சுமிநரசு செட்டி 1852இல் தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம், வரி வசூலில் நடந்த கொடுமைகளைப் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. நாடாளுமன்ற விவாதத்தைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குறுகிய காலத்தில் அக்குழுவுக்கு 1,959 முறையீடுகள் வந்தன. அவற்றுள் 519 நேரில் வந்தவர்களுடையவை, எஞ்சியவை கடிதங்கள். கிட்டி கட்டுதல், அண்ணாந்தாள் பூட்டுதல், வெயிலில் நிறுத்துதல் போன்ற கொடுமைகள் நடந்தமையை 1855ஆம் ஆண்டு அறிக்கை உறுதிசெய்தது.

கொடுமைகளைவிட, பரிகாரம் பெறுவதில் இருந்த இடர்ப்பாடு பற்றி அக்குழு கூறியவையே இக்கட்டுரைக்கு இன்றியமையாதன. மேலதிகாரிக்கு எழுதிய மனு, விசாரணைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட தாசில்தாரிடமே திரும்பி வந்தது. பயணச் செலவும், வேலையிழப்பும், பழிவாங்கப்படும் அச்சமும் ஏழைக் குடியானவரை வாய்மூடச் செய்தன. இவ்வறிக்கையைக் கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் எடுத்துக்காட்டி எழுதினார். எனினும், குழு இந்தியக் கீழ்நிலை ஊழியர்மீதே பழி சுமத்தியது. ஐரோப்பிய அதிகாரிகள் பொறுப்பினின்று விடுவிக்கப்பட்டனர். வரிச் சுமையும் ஒருகையிற் குவிந்த அதிகாரமும் பின்னணிக்குச் சென்றன. ஊழியரின் குணமே காரணம் என்னும் விளக்கம் ஆட்சியமைப்பைக் காக்கும் கேடயமாயிற்று. இருப்பினும், 1859ஆம் ஆண்டின் காவல் சட்டம் காவல் பணியை வருவாய்த் துறையினின்று பிரித்தது.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின் மாற்றங்கள் மூன்று திசைகளில் நிகழ்ந்தன. முதலாவது மொழி: 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலக மொழியாக்கியது. இரண்டாவது பதவி: பரம்பரை வழக்கில் வேரூன்றியிருந்த பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது, தேர்வு வழி அமர்த்தப்படும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்தார். மூன்றாவது தகவல்: 1997இல் தமிழ்நாடு தனித் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது; 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது.

2005ஆம் ஆண்டுச் சட்டம் 30 நாளில் பதில் அளிக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவர்க்கு முடிவின் காரணத்தைத் தெரிவிப்பதையும் கடமையாக்குகிறது. காரணமின்றித் தகவல் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் புலவர் கண்ட காரணம் கூறும் கடமை இங்கே சட்டவடிவம் பெறுகிறது. அவை மறுத்த அணுகும் உரிமையும் இங்கே ஒவ்வொரு குடிமக்களுக்கும் உரியதாகிறது.

ஆயினும் கச்சேரியின் ஒரு மரபு எஞ்சியுள்ளது. மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளிக்கப்படும் மனு, பெரும்பாலும் நடவடிக்கைக்காக அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்கே அனுப்பப்படுகிறது. அறிக்கை கேட்பது நிர்வாகத்துக்குத் தேவையானதே. ஆனால் குறைக்குக் காரணமான அலுவலகத்தின் அறிக்கையே இறுதி விடையாகும்போது, 1855இல் சுட்டப்பட்ட இடர்ப்பாடு வன்முறை நீங்கிய வடிவில் தொடர்கிறது. இணையவழி விண்ணப்பம் வரிசையைக் குறைக்கிறது; விசாரிப்பவரை மாற்றுவதில்லை.

முடிவுரை

அலுவலகத்தில் கனிவான சொல் வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. எனினும் கனிவு அலுவலரின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமை அவ்வாறன்று. மேற்கண்ட சான்றுகள் மூன்று முடிவுகளைத் தருகின்றன. ஆவணம் மனுதாரர் காணத் திறக்கப்பட வேண்டும். மறுப்புக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். முறையீட்டை, முறையிடப்பட்டவர் அல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். முதலிரண்டும் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டன. மூன்றாவது உள்ளூர் அலுவலக நடைமுறையில் நிலைபெறும்வரை, மனு உரிமைக் கோரிக்கையாக அன்றி வேண்டுதலாகவே நீடிக்கும்.