காப்பு ரிலேக்களின் ஒருங்கிணைப்பு: விழுப்புரம் – திண்டிவனம் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டு ஊரக மின்மயமாக்க வரலாறு மின்னிணைப்புப் பெற்ற சிற்றூர்களையும் பம்புசெட்டுகளையும் எண்ணிக்கையாகப் பதிவு செய்கிறது. பழுது நேரும்போது எப்பகுதி துண்டிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் காப்பு ரிலேக்கள் அவ்வரலாற்றில் பெரிதும் இடம்பெறவில்லை. வயல்வழி நீண்ட மின்தடங்கள் இக்காப்பின் எல்லையை எவ்வாறு வெளிப்படுத்தின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காப்பு ரிலே, மின்பகிர்மானம், தென்னார்க்காடு, பம்புசெட்டு, அறுந்த மின்கம்பி

முன்னுரை

விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் அமைந்த நகரங்கள். 1993 செப்டம்பர் வரை இவை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமும் கலந்த இப்பகுதியில் நெல், கரும்பு, மணிலா ஆகியவை முதன்மைப் பயிர்களாகும். 1927இல் தொடங்கப்பட்ட சென்னை மாகாண அரசு மின்துறை, 1937இல் மேட்டூர் நீர்மின் நிலையத்தை இயக்கியது. அதன் மின்சாரம் தென்னார்க்காட்டிற்கும் வழங்கப்பட்டது. 1957 ஜூலை 1இல் மின்வாரியம் அமைந்தபின் வேளாண் இணைப்புகள் விரைந்து பெருகின.

ஒருங்கிணைப்பின் முறை

துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் 11 அல்லது 22 கிலோவோல்ட் மின்தடம் (பீடர்) கிளைகளாகப் பிரிந்து ஊர்களிலுள்ள மின்மாற்றிகளைச் சென்றடைகிறது. மின்மாற்றியருகே உருகி, தடத்தின் தொடக்கத்தில் ரிலேயும் பிரேக்கரும், அதற்கு மேல் நிலைய மின்மாற்றிக்குரிய ரிலே எனக் காப்பு படிப்படியாக அமைகிறது. பழுதுக்கு மிக அருகிலுள்ள காப்பு முதலில் இயங்கவேண்டும். அது தவறினால் மட்டுமே மேற்படி இயங்கவேண்டும். இவ்வொழுங்கே ஒருங்கிணைப்பு எனப்படுகிறது.

நெடுங்காலம் புழங்கிய தூண்டல்தட்டு ரிலேயில் மின்னோட்டம் மிகுந்தால் தட்டு விரைந்து சுழலும். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் இவ்வகை ரிலேக்களைத் தயாரித்தது. பிரேக்கர் திறக்கும் நேரம், தட்டு நிற்கப் பிடிக்கும் நேரம், அளவுப்பிழை ஆகியவற்றைக் கருதி இரு படிகளுக்கிடையே ஏறத்தாழ 0.4 நொடி விடப்பட்டது. எடுத்துக்காட்டாக, தடத்தின் ரிலே 0.3 நொடியில் இயங்குமாயின் அடுத்த படி 0.7 நொடியிலும் அதற்கடுத்தது 1.1 நொடியிலும் இயங்கும்.

மூலமும் தடமும்

1962இல் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு இயங்கியது. 1970இல் அதன் திறன் 600 மெகாவாட் ஆயிற்று. மின்மூலம் அருகில் வலுப்பெறும்போது துணைமின் நிலையத்தையொட்டிய பழுதில் பாயும் மின்னோட்டம் மிகும். நீண்ட தடத்தின் கடைக்கோடியிலோ கம்பியின் மின்தடை அதனைக் குறைத்துவிடும். பம்புசெட்டுகள் கூடக்கூட, இயல்பான சுமையில் ரிலே இயங்காதிருக்க அதன் தொடக்க அளவை உயர்த்த வேண்டியதாயிற்று. 1990 முதல் உழவர் அனைவருக்கும் கட்டணமின்றி மின்சாரம் வழங்கப்பட்டது. வேளாண் சுமை மேலும் வளர்ந்தது. இதனால் மிகுசுமைக்கும் கடைக்கோடிப் பழுதுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கியது.

அறுந்த கம்பியும் சட்டமும்

நிலத்தொடர்புப் பழுதுக்குத் தனி ரிலே உண்டு. 200 ஆம்பியர் அளவுள்ள மின்தடத்தில் அது 20 விழுக்காட்டில் அமைக்கப்பட்டால், 40 ஆம்பியருக்குமேல் பாயும்போதே இயங்கும். காய்ந்த மண்ணில் விழுந்த கம்பியில் அதனினும் மிகக் குறைந்த மின்னோட்டமே பாயக்கூடும். அந்நிலையில் ரிலே பழுதை உணராது. கம்பி உயிரோட்டத்துடன் கிடக்கும்.

தெருவிலும் பொது இடத்திலும் செல்லும் கம்பி அறுந்தால் அதனைத் தீங்கற்றதாக்கும் சாதனம் வேண்டுமென 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 91ஆம் விதி கூறியது. சாலைக் கடப்புகளில் கம்பியின்கீழ் நிலத்தொடர்புடன் கட்டப்படும் காப்புவலை இத்தேவையை நிறைவேற்றியது. அறுந்த கம்பி வலையில் படும்போது ரிலே உணருமளவு மின்னோட்டம் பாயும். இவ்விதி தெருவையும் பொது இடத்தையும் முதன்மையாகக் கருதியது. பம்புசெட்டுக்கான கம்பிகளோ பெரும்பாலும் வயல்களின் ஊடே சென்றன. 2002இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில், சாலையில் அறுந்து கிடந்த கம்பியால் நேர்ந்த இறப்புக்கு வாரியமே முழுப்பொறுப்பு என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2011 டிசம்பர் 30இல் தானே புயலும் 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இப்பகுதியைத் தாக்கின. பின்னதில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. கம்பங்கள் சாயும் இத்தகைய காலங்களில், மீண்டும் மின்னூட்டுமுன் தடம் முழுவதையும் நடந்து பார்ப்பதே ரிலேயால் உணரவியலாத பழுதுக்கு மாற்றாகிறது.

முடிவுரை

எண்முறை ரிலேக்கள் படிகளுக்கிடையிலான நேரத்தை ஏறத்தாழ 0.3 நொடியாகக் குறைத்துள்ளன. பெரும் பழுதுகளைப் பிரித்தறிவதில் இது முன்னேற்றமே. காய்ந்த வயலில் விழுந்த கம்பியை உணர்வது இன்றும் கடினமாகவே உள்ளது. ஆதலின், மின்சாரம் எத்தனை ஊர்களை எட்டியது என்பதோடு, அதன் காப்பு எவ்வளவு தொலைவு எட்டியது என்பதையும் ஊரக மின்மயமாக்க வரலாறு பதிவு செய்தல் வேண்டும்.