பின்சீட்டுக்காரனும் தரை போட்டவர்களும்

எங்க பெரியப்பாவை ஊருக்குள்ளே 'பட்டாளத்தான்' என்பார்கள். எங்க தெருவில் 'பட்டாளத்தார்'. அந்த ஒரு எழுத்துக்காக அவர் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டிருக்கிறார்.

சோழவந்தான் பக்கம் தண்ணிக்குப் பஞ்சமில்லாத பூமி. வைகை ஒருபக்கம், 1895க்குப் பிறகு பெரியாற்றுத் தண்ணி ஒருபக்கம். நெல்லு, தென்னை, வெத்தலை. நெலம் அவங்களுக்கு, இடுப்பொடியிற வேலை நமக்கு. பெரியப்பா கொடிக்காலில் தண்ணி இறைப்பார், அகத்தியில் கொடி ஏத்திக் கட்டுவார், கிள்ளின வெத்தலையைக் கவுளி கவுளியாக அடுக்குவார். கை இங்கே இருக்கும். வாய் மட்டும் இம்பாலுக்குப் போய்விடும்.

"நாங்க போட்ட தரையிலதாண்டா ஏரோப்பிளேன் எறங்கும், ஏறும். பின்சீட்டுல ஒருத்தன் துப்பாக்கியோட திரும்பி ஒக்காந்திருப்பான். கெளம்பும்போது அவன் மொகம் எங்களப் பாத்தபடியே தூரமாப் போகும்."

சின்ன வயதில் எனக்கு அந்தப் பின்சீட்டுக்காரன் மேலேதான் ஆசை. பெரியப்பா ஏன் அதில் உட்காரவில்லை என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்ததோடு சரி. பதிலை நானேதான் புத்தகங்களில் தேட வேண்டியிருந்தது.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8இல் சட்டப்படி உருவானது. 1933 ஏப்ரலில் கராச்சியில் முதல் ஸ்குவாட்ரன். நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள். முன்னே விமானி, பின்னே திறந்த சீட்டில் துப்பாக்கிக்காரர். விமானி அதிகாரி. பின்னால் இருப்பவர் பெரும்பாலும் தரைவேலை பார்க்கும் ஆட்களிலிருந்து எடுக்கப்பட்டவர். 'ஹவாய் சிப்பாய்' என்று அவருக்குப் பெயர். 1944இல் பர்மா முனையில் 7ஆம், 8ஆம் ஸ்குவாட்ரன்கள் வெஞ்ஜன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானத்தை ஓட்டின. அதிலும் ரெண்டே பேர். பின்சீட்டுக்காரர் வாலைப் பார்த்து உட்கார்ந்து, முதுகுப்பக்கமாக வரும் எதிரியைக் கவனிக்க வேண்டும். விமானி பார்க்க முடியாததை அவர் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பாயும்போது இவர் மல்லாந்த மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த சீட்டுக்கு இங்கிலீஷ் வேணும், கணக்கு வேணும், கருவிகளைப் படிக்கத் தெரியணும். பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறவிடாத சாதிக்கு விமானத்தில் எவன் ஏணி வைப்பான்?

பட்டாளத்துக்கும் நமக்கும் உறவு புதுசு இல்லை. கம்பெனிக்காரன் காலத்துச் சென்னைப் படையில் நம்ம சனங்க ஏராளம். பிறகு 'போர்ச்சாதி' என்று ஒரு தத்துவத்தை வெள்ளைக்காரன் கொண்டு வந்தான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதற்குப் பெரிய வக்கீல். தெற்கத்தி ஆள் சண்டைக்கு ஆகமாட்டான் என்று எழுதியே வைத்தார். நம்மூர் சாதி அடுக்குக்கு வெள்ளைக்காரன் போட்ட முத்திரை அது. 1892 வாக்கில் மகார்களைச் சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். அண்ணல் அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி அந்தப் படையிலேயே சுபேதாராக இருந்தவர். மெட்ராஸ் பயனீர் படையும் 1933இல் கலைந்தது.

அப்புறம் ஹிட்லரும் ஜப்பான்காரனும் வந்தார்கள். ஆள் போதவில்லை, தத்துவம் பறந்துபோச்சு. 1941இல் மகார் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். மெட்ராஸ் ராஜதானியிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆள் எடுத்தார்கள். மதுரையில் எங்க பெரியப்பாவின் நெஞ்சை அளந்தவர்கள் சாதியைக் கேட்டார்களா என்று தெரியாது. கையில் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்களாம். மண்வெட்டிதான் அங்கேயும். சேற்றை வெட்டிச் சமப்படுத்தி, தார் பூசின சணல் விரிப்பைப் பாய் மாதிரிப் பரப்பி, மழைக்காலத்திலும் விமானம் இறங்கத் தரை போட்டார்கள். போர் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். சமார் ரெஜிமெண்ட் 1946இலேயே கலைக்கப்பட்டது.

ஆனால் திரும்பி வந்தவன் போனவன் இல்லை. இமானுவேல் சேகரனை நினைத்துப் பாருங்கள். 1924இல் முதுகுளத்தூர் அருகே செல்லூரில் பிறந்தவர். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை, 1945இல் ராணுவம். அவில்தாராக இருந்து ஊர் திரும்பி, தீண்டாமைக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராக நின்றார். 1957 செப்டம்பர் 10இல் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் நம்ம சனங்களின் பிரதிநிதியாகச் சரிசமமாக உட்கார்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். வயது 32. அதே நாளை நினைக்கக் கூடியவர்கள் மேல் 2011இல் பரமக்குடியில் போலீஸ் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். அதற்கு முந்தின வருசம்தான் அவருக்குத் தபால்தலை வெளியிட்டிருந்தது சர்க்கார்.

எங்க பெரியப்பா தலைவர் இல்லை. அவர் சண்டை ஒரு டீக்கடையோடு முடிந்தது. பட்டாளத்திலிருந்து வந்த வாரம், காக்கிச் சட்டையோடு போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சிரட்டையை நீட்டியிருக்கிறார்கள்.

"பர்மாவுல எல்லாப் பயலும் ஒரே அண்டாவுலதான் மொண்டு குடிச்சோம். இங்க வந்தா செரட்டை. வாங்கித் தரையில ஊத்திட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

அன்னைக்கு ராத்திரி எங்க தெருவில் ரெண்டு கூரை எரிந்தது. அதை அவர் சொன்னதில்லை. பெரியம்மா சொல்லித்தான் தெரியும். "இந்த மனுசன் ஒரு வாய் டீய ஊத்துனதுக்கு நாங்க மூணு மாசம் வேப்ப மரத்தடியில கெடந்தோம்" என்பாள். அவள் குரலில் கோபமா பெருமையா என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கடையிலும் டீ குடிக்கவில்லை. பட்டாளத்தில் கொடுத்த எனாமல் மக்கு ஒன்று வைத்திருந்தார். கொடிக்காலுக்குப் போகும்போது அதில் நீச்சத்தண்ணி கொண்டுபோவார். மெடலை யாரிடமோ விற்றுவிட்டார். மக்கு இருக்கிறது. அடியில் எனாமல் பேர்ந்து துரு ஏறிவிட்டது. பேத்தி அதில் பேனா, பென்சில் போட்டு வைத்திருக்கிறாள்.