கடவுச்சொல்

கடவுச்சொல்: கணினியையோ இணையக் கணக்கையோ திறக்க வருபவர் அதற்கு உரியவர்தாமா என்று சோதிக்கப் பயன்படும் இரகசிய எழுத்துத் தொடர். பேச்சுவழக்கில் பாஸ்வேர்டு. எண்களால் மட்டும் ஆனதைப் பின் என்றும், ஒருமுறை மட்டும் செல்லுபடியாவதை ஓடிபி என்றும் சொல்வர்.

முன்வரலாறு

காவலைக் கடக்க அடையாளச் சொல் கேட்பது பழைய வழக்கம். உரோமப் படை முகாமில் அன்றைய சொல்லை மரப்பலகையில் எழுதி, பிரிவு பிரிவாகக் கைமாற்றி, இருட்டும் முன் அதிகாரியிடம் திரும்பச் சேர்த்ததைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரித்துள்ளார்.

எம்.ஐ.டி. காலம்

தொடக்ககாலக் கணினிகள் ஒரு நேரத்தில் ஒருவரின் வேலையை மட்டுமே செய்தன. அவற்றுக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்ததும், பலருடைய கோப்புகள் ஓரிடத்தில் சேர்ந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவாகி, 1961 நவம்பரில் செய்துகாட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். அத்தகைய அமைப்பு. கணினியில் கடவுச்சொல் முதலில் வந்தது இதில்தான் என்பது பரவலான கருத்து. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்காக ஐ.பி.எம். உருவாக்கிய சேபர் முன்பதிவு அமைப்பு முந்தியிருக்கலாம் என்போரும் உண்டு. கோர்பட்டோவே அதை மறுக்கவில்லை.

கடவுச்சொல் திருட்டும் இங்கேயே தொடங்கியது. 1962இல் ஆய்வு மாணவர் ஆலன் ஷெர்ருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் துளையிட்ட அட்டையில் குறித்துக் கொடுத்தால், எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும் வசதி அப்போது இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் கேட்டது கடவுச்சொற் கோப்பை. சனிக்கிழமை விடியற்காலையில் அச்சுத்தாள்கள் வைக்கும் அலமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். பழி தம்மீது மட்டும் விழாதிருக்க மற்றவர்களுக்கும் பட்டியலைக் கொடுத்தார். அவர்களில் ஜே.சி.ஆர். லிக்லைடர் ஆய்வகத் தலைவரின் கணக்கிலேயே நுழைந்து கிண்டல் குறிப்புகள் எழுதிவைத்தார். பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்பட்டவரும் இந்த லிக்லைடரே. கால் நூற்றாண்டு கழித்தே ஷெர் இதை ஒப்புக்கொண்டார். முனைவர் பட்டம் பறிக்கப்படாது என்ற உறுதியும் அவருக்குக் கிடைத்தது.

இரண்டாவது நிகழ்வில் திருடன் இல்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தினர்: ஒன்று கடவுச்சொற் பட்டியல், மற்றொன்று உள்ளே நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பு. இரண்டுக்கும் கணினி வைத்த தற்காலிகக் கோப்பின் பெயர் ஒன்றாக இருந்ததால் அவை இடம் மாறின. நுழைந்தவர் ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. இதன் ஆண்டை 1965 என்றும் 1966 என்றும் இருவிதமாகக் குறிப்பர். நாள் மட்டும் இங்கும் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி என்பது கோர்பட்டோவின் நினைவு.

மறைத்து வைத்தல்

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றி வைக்கும் யோசனை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீடம், மைக் கை ஆகியோரிடம் 1960களின் பிற்பகுதியில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. இன்று ஹாஷ் எனப்படுவது இதன் வளர்ச்சியே.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் இம்முறையைப் பரப்பியது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒற்றை எழுத்தாலானவை; 72 இரண்டெழுத்து. மொத்தத்தில் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் சேமிப்பில் வெவ்வேறாகத் தோன்ற, சால்ட் எனும் தற்செயல் எண் சேர்க்கும் உத்தியும் இதில் விளக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு 4,096 வடிவங்கள் கிடைத்தன.

தாம்ப்சனின் சொந்தக் கடவுச்சொல் பழைய யூனிக்ஸ் கோப்பொன்றில் உருமாறிய நிலையில் எஞ்சியிருந்தது. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் முயன்றும் உடையாமல், 2019இல்தான் அது வெளிப்பட்டது: அரசியின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் சதுரங்கத் தொடக்கம், பழைய குறியீட்டு முறையில், ஆச்சரியக்குறியுடன். தாம்ப்சன் ஜோ காண்டனுடன் சேர்ந்து பெல் என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இணையம் பரவிய பின்

1988 நவம்பர் 2 அன்று வெளியான மோரிஸ் புழு, பிற வழிகளோடு, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகித்தும் பரவியது. அதை எழுதியவர் மேற்சொன்ன மோரிஸின் மகன். 2009இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் உருமாற்றப்படாத நிலையில் கசிந்தன. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

பெரிய எழுத்து, எண், குறியீடு கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதிகள் 2003இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டுக்காக பில் பர் எழுதிய வழிகாட்டியால் வலுப்பெற்றன. 2017இல் அவரே அதற்கு வருந்தினார். நிஸ்ட்டும் அவ்வாண்டு விதிகளைத் தளர்த்தி நீளத்துக்கு முதன்மை தந்தது. நீளமா கலவையா என்ற விவாதம் அலுவலகங்களில் இன்னும் ஓயவில்லை.

அண்மைக் காலம்

கடவுச்சொல்லின் காலம் முடிகிறது என்று பில் கேட்ஸ் 2004இல் கூறினார். 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை கைரேகை, முகம் முதலியவற்றால் திறக்கும் பாஸ்கீ முறைக்கு ஆதரவு அறிவித்தன. இந்தியாவில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு 2009 முதல் கட்டாயம். இதன்பின் மோசடிக்காரர்கள் கணினியை உடைக்க மெனக்கெடாமல், உரியவரிடமே ஓடிபியைக் கேட்டு வாங்கும் போக்கு மிகுந்தது. அவ்வாறு பணம் இழந்தவர்கள் உடனடியாக அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930.