ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வீட்டிலேயே மீட்டெடுத்தல்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1961-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய சிறு கார். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை மூலமாகக் கொண்டு, வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதைத் தயாரித்தது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய சாலைகளில் மூன்றாவதாக ஓடிய வண்டி இது. கடைசித் தொகுதி 1971-இல் வெளிவந்தது. ஆலையும் 1988-இல் கார் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. இன்று ஒரு ஹெரால்டை ஓடவைக்கும் வேலை பெரும்பாலும் உரிமையாளர் தலையிலேயே விழுகிறது: வீட்டுக் கார் கொட்டகையில், விடுமுறை நாட்களில், அக்கம்பக்கத்து லேத் பட்டறையின் துணையோடு. பழைய காரில் முதல்முறை கைவைப்பவருக்கு, இந்தியச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் இதைவிடத் தோதானது வேறில்லை எனலாம். அது பூட்டப்பட்டிருக்கும் விதமே அதற்குக் காரணம்.

கட்டமைப்பு

1950-களில் கார்த் தொழில் தனிச் சேஸிஸைக் கைவிட்டு, தரையும் தூணும் கூரையும் ஒன்றாகப் பற்றவைத்த ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் டிரையம்ஃப் கார்களைச் செய்துவந்த ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு அந்த வழி அடைபட்டது. அதற்குத் தகடு அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்துதர ஆளில்லாமல் போகவே, பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய முறைக்கே திரும்பியது. தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, வெவ்வேறு ஆலைகளில் அடித்த துண்டுகளை அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். உருவத்தை இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தார். 1959-இல் வண்டி பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

அன்று வேறு வழியின்றிச் செய்தது, அறுபது ஆண்டு கழித்து வீட்டு மெக்கானிக்குக் கைகொடுக்கிறது. முன்கூடு, பின்கூடு, கூரை மூன்றும் தனித்தனியே கழன்று வரும். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். சாய்த்துவிட்டால் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். கியர்பாக்ஸை எடுக்கப் பள்ளம் தோண்ட வேண்டாம். வண்டிக்குள் நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால் இருக்கை பக்கமாகவே அது வெளியே வரும். முழு வண்டியின் எடை சுமார் 800 கிலோ. நான்கைந்து பேர் சேர்ந்தால் கூட்டைச் சேஸிஸிலிருந்து தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

பிரிட்டிஷ் வண்டிக்கு 1147 சி.சி., பிறகு 1296 சி.சி. என எஞ்சின் வளர்ந்தது. சென்னை வண்டிக்குக் கடைசிவரை 948 சி.சி. எஞ்சின்தான். மாறாக, பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு வடிவம் இங்கே வந்தது. கம்பேனியன் என்ற பெயரில் ஸ்டேஷன் வேகனும் வந்தது. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சு இந்திய ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. அடுத்து வந்த கஸல் காரில் வழக்கமான முழு அச்சையே போட்டார்கள்.

தேர்வும் ஆவணமும்

இந்த வரலாறு வாங்கும்போது நேரடியாக உதவும். 948 சி.சி. எஞ்சின் ஸ்டாண்டர்ட் டென், ஹெரால்ட், கஸல் ஆகிய மூன்றிலும் இருந்தது. முன்சக்கர அமைப்பு, பிரிட்டனில் லட்சக்கணக்கில் தயாரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோடு உறவுடையது. அதனால் எஞ்சின், சஸ்பென்ஷன் சாமான்கள் இன்றும் அங்கே புதிதாகச் செய்யப்படுகின்றன, தபாலில் வரவழைக்கலாம். நான்கு கதவு வண்டியின் பின்கதவையோ பின்கூட்டின் தகட்டையோ எவரும் செய்வதாகத் தெரியவில்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆகவே எஞ்சின் இறுகிப்போய், தகடு நன்றாக இருக்கும் வண்டியே நல்ல பேரம். எஞ்சின் கிண்ணென்று ஓடுகிறது என்று புகழ்ந்து விற்கப்படும் துருப்பிடித்த வண்டியை விட்டு விலகுவது நல்லது.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியிலுள்ள எண்களோடு பொருந்த வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து ஆண்டு. இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழங்கார் பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறு காலை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர், பழைய பதிவையே உயிரோடு வைத்துக்கொண்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே வசதி.

கழற்றுதல்

இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவிலானவை. மெட்ரிக் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். கெடுதல் அந்த ஏறக்குறையவில்தான் வருகிறது. அரை அங்குலத் தலை 12.7 மி.மீ.; அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் துருப்பிடித்த போல்ட்டின் முனைகள் மழுங்கி வட்டமாகிவிடும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்குவதே முதல் செலவாக இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கு இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கக்கூடியவை.

கூட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே மெல்லிய தகடு வாஷர்கள் இருக்கும். எந்தப் போல்ட்டின் கீழ் எத்தனை வாஷர் இருந்தது என்பதை எழுதி வைக்காதவர் பிறகு கதவை மூட முடியாமல் திண்டாடுவார். கதவு இடைவெளியைத் தீர்மானிப்பவை அவைதான். ஒவ்வோர் இணைப்பையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்து, அதன் நட்டு போல்ட்டைப் பெயரெழுதிய பிஸ்கட் டப்பாவில் போடுவது நல்ல பழக்கம். கழற்றியவருக்கே ஆறு மாதம் கழித்து எதுவும் நினைவிருக்காது.

துரு

சேஸிஸின் நடுவே ஓடும் இரண்டு நீண்ட சட்டங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கிளைக்கும் கைகள், படிக்கட்டுத் தகடு, டிக்கித் தரை ஆகியவைதான் அரிக்கும். கடற்கரையோர வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

இங்கே பலர் வரிசையை மாற்றிக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆர்வத்தில் கூட்டை முதலில் தூக்கிவிட்டு, தரையில் கிடத்தி ஒட்டுப்போடுகிறார்கள். கூடு தனியே நிற்கும்போது நெளியும். நெளிந்த நிலையில் பற்றவைத்தால் அந்த நெளிவு நிலைத்துவிடும். கூடு சேஸிஸில் பூட்டியிருக்கும்போதே கதவு நிலையின் குறுக்கே இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, தகடு வேலையை முடித்து, அதன்பிறகே தூக்க வேண்டும்.

சிறிய சாமான்களின் துருவை வீட்டிலேயே மின்பகுப்பு முறையில் எடுக்கலாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பொருளைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்தால் ஓரிரவில் துரு உதிர்ந்துவிடும். நேர்முனையில் எவர்சில்வரைப் போடக்கூடாது. நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில் வைக்க வேண்டும்.

டிரனியன்

ஹெரால்டில் ஆளைக் காவு வாங்கக்கூடிய பாகம் ஒன்றுண்டென்றால் அது இதுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டு எஃகாலானது. அதன் அடிமுனையில் மரை இருக்கும். அந்த மரை, டிரனியன் எனப்படும் பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சற்றுச் சுழல்கிறது. இதற்கு விட வேண்டியது 90 எண் கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. காலப்போக்கில் காய்ந்து கட்டிதட்டி ஆயிலுக்கும் வழி அடைத்துவிடும். மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி எஃகைத் தின்னும். ஒருநாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது, தண்டு அறுந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து விழும். வேகமாகப் போகும்போது அறுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிப்பிள் தெரியும் இடமெல்லாம் கிரீஸ் அடிப்பது நம் சர்வீஸ் நிலையங்களின் வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்யும் இந்த வேலையே ஹெரால்டுக்கு எமன். சாமானுக்குப் பஞ்சமில்லாத இடத்திலும் இந்த ஒரு வரித் தகவல் கைமாறாமல் போனதால் வண்டிகள் அழிகின்றன. பழைய வண்டி எதுவானாலும் இரண்டு பக்கத்தையும் கழற்றி, மரையைப் பெட்ரோலில் கழுவி, பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். அரிப்புக் குழி தெரிந்தால் தண்டையே மாற்ற வேண்டும். பற்றவைத்துச் சரிசெய்வது தற்கொலைக்குச் சமம். ஒரு பக்கத்து மரை வலச்சுற்று, மறுபக்கத்தது இடச்சுற்று. வாங்கும்போது இரண்டும் தனித்தனிச் சாமான்.

பின்பக்கம், டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காக ஒரே கமான் பட்டை இருக்கும். அதன் நுனிகளில் தொங்கும் தண்டுகளின் போல்ட் இறுகிப்போய் ரம்பத்தால் அறுத்தெடுக்க நேர்வதுண்டு. பின் ஹப்பைப் பிரிக்க வலுவான புல்லர் தேவை. சுத்தியலால் அடித்தால் அச்சின் முனைதான் நசுங்கும். இதை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவதில் வெட்கமில்லை.

எஞ்சின்

பல ஆண்டு நின்ற எஞ்சினைச் செல்ஃப் அடித்துச் சுற்றவைக்க முயலக்கூடாது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். திறந்தபின் போரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத் பட்டறை வேலை. எத்தனை தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்தார்கள் என்று கேட்டு, அதற்கேற்ற பிஸ்டனும் பேரிங்கும் வாங்கினால் போதும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் பத்து தௌ, அதாவது 0.25 மி.மீ.

இரண்டு மாற்றங்கள் மட்டும் அசலை மீறிச் செய்யத் தக்கவை. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. ஹெட்டைக் கழற்றும்போதே கடின உலோக சீட் பதித்துவிட்டால் கவலையில்லை. அடுத்தது, இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாயும் பம்ப்பின் ஜவ்வும் அதில் இளகிப்போகும். குழாய் கசிந்தால் எஞ்சின் சூட்டில் தீப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போடுவது அழகுக்கு முந்திய வேலை.

மின்சாரம்

அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியில் இணைந்திருக்கும். பின்னால் வந்த மெக்கானிக் யாராவது மாற்றியிருக்கலாம். எனவே பேட்டரியை வைக்குமுன் எது எர்த் என்று உறுதிசெய்ய வேண்டும். முனையை மாற்றுவதென்றால் டைனமோவையும் பழக்க வேண்டும்: அதன் ஃபீல்டு ஒயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து வரும் ஒயரால் அந்த இடத்தை ஓரிருமுறை தொட்டு எடுத்தால் போதும்.

ஒயரின் நிறங்களே வரைபடம். பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திறந்தால் வருவது, பச்சை ஃபியூஸ் தாண்டியது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு எர்த். ஒட்டுப்போட்ட பழைய ஒயரிங்கில் இந்த ஒழுங்கு கலைந்திருந்தால், மேலும் ஒட்டுப்போடாமல் முழுதாகப் புதிது கட்டுவதே நல்லது.

தூசும் பெயிண்டும்

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பிரேக் சிலிண்டரின் வாஷர்களைக் கழுவ எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ கூடாது; ரப்பர் உப்பிவிடும். இன்றைய இரண்டு கலவைப் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிப்பது நுரையீரலுக்குக் கேடு. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்.

பூட்டியபின்

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி மறுபடி முறுக்க வேண்டும். கூட்டின் போல்ட்டுகளும் அப்போது சற்றுத் தளர்ந்திருக்கும், புதிய ரப்பர்கள் அமுங்கியிருக்கும். காலையில் சரியாக மூடிய கதவு மாலையில் தட்டினால்தான் மூடுகிறது என்றால், டப்பாவில் மிச்சமிருக்கும் தகடு வாஷர்களில் ஒன்றை எடுத்து, தாழ்ந்துபோன மூலையின் போல்ட்டுக்குக் கீழே செருகிப் பார்க்க வேண்டும்.